கூடைக்கு ஒரு லைசென்ஸ்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சிறு கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஒரு கம்பெனி வேலைக்கு வந்தவன், அந்த வேலை முடிந்ததும் சொந்தமாக இதை ஆரம்பித்தேன். இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த்தில் மசாலா அரைத்து விற்கும் குடும்பம், வார்விக் சந்திப்பில் காய்கறி மேசை போட்டிருப்பவர்கள், செல்போன் பழுது பார்க்கும் பாகிஸ்தான்காரர், டவுன்ஷிப் எனப்படும் கறுப்பர் குடியிருப்புகளில் மளிகைக்கடை நடத்தும் பங்களாதேஷ், எத்தியோப்பியப் பையன்கள் என்று பலருடைய ரசீதுகளும் என்னிடம் வந்து சேரும். அநேகமாக பிளாஸ்டிக் பையில், எண்ணெய்க் கறையோடு வரும். அவற்றைப் பிரித்து, தேதிவாரியாக அடுக்கி, வரி அலுவலகத்துக்கும் மாநகராட்சிக்கும் புரிகிற பாஷையில் எழுதித் தர வேண்டும்.

பிழைக்க வந்தவர்கள் சொந்தமாகத் தொழில் தொடங்கிவிட்டால் போதும், ஊரோடு ஒன்றிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அதிகாரிகள் சொல்கிறார்கள், படித்தவர்கள் எழுதுகிறார்கள். நம்மவர்களுக்கும் இந்தப் பேச்சு பிடிக்கும். நம் பாட்டன் பூட்டன் கதையை இப்படிச் சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை இருக்கிறது. கரும்புத் தோட்டத்துக்கு வந்தார்கள், கூடை தூக்கினார்கள், கடை வைத்தார்கள், பிள்ளைகளை டாக்டராக்கினார்கள். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நடுவில் ஒரு பெரிய துண்டு விட்டுப்போகிறது. அந்தத் துண்டுதான் என் தொழிலே என்பதால் எனக்கு அதை விட்டுவிட்டுப் பேச முடியவில்லை.

1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல், டர்பன் இருக்கும் நேட்டால் காலனியின் துறைமுகத்துக்கு வந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். மூன்றில் இரண்டு பங்குப் பேர் சென்னை ராஜதானிக்காரர்கள். ஒப்பந்தம் ஐந்து வருஷம். முதல் வருஷச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங், அதோடு படியரிசி. ஐந்து வருஷம் முடிந்த பலருக்கு மறுபடியும் தோட்டத்துக்கே போக விருப்பமில்லை. ரயில்வேயிலும் மாநகராட்சியிலும் அடிமட்ட வேலை உண்டு, மேலே ஏற வழியில்லை. அரசாங்க உத்தியோகம் கிடையாது. மிச்சமிருந்தது மண்ணும் கூடையும். உம்கேனி ஆற்றங்கரையிலும், ஸ்பிரிங்ஃபீல்டிலும், கேட்டோ மேனர் சரிவுகளிலும் துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மிளகாய், கத்தரி, அவரை, கீரை, சோளம் போட்டார்கள். விடிவதற்கு முன்னால் பறித்து, கூடையில் அடுக்கி, வெள்ளைக்காரர் வீடுகளின் பின்வாசலுக்குத் தூக்கிப் போனார்கள்.

சொந்தத் தொழில் என்று இன்று அழகாகச் சொல்கிறோம். மற்ற கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தபோது சாத்த மறந்த கதவு அது.

அதையும் சாத்தப் பார்த்தார்கள். 1885 முதல் 1887 வரை விசாரணை நடத்திய ராக் கமிஷன், ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள் தோட்டம் போட்டதால் காலனிக்கு நன்மைதான் விளைந்தது என்று எழுதிவைத்தது. ஊருக்குக் காய்கறி தாராளமாகவும் மலிவாகவும் கிடைத்தது அவர்களால்தான். வியாபாரப் போட்டி என்று வந்தபோது அந்த அறிக்கையை யாரும் மதிக்கவில்லை. 1895இல் ஒரு சட்டம்: ஒப்பந்தம் முடிந்த பிறகு மறு ஒப்பந்தமும் போடாமல், ஊருக்கும் திரும்பாமல் இங்கேயே இருப்பவர் வருஷத்துக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும். மூன்று பவுன் என்றால் அறுபது ஷில்லிங். முதல் வருஷக் கூலியின் கணக்கில் ஆறு மாதச் சம்பளம்! பெண்களும் அதற்குத் தப்பவில்லை, பிறகு அது வயது வந்த பிள்ளைகளுக்கும் நீண்டது. புருஷன், பெண்டாட்டி, பெரிய பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தால் பன்னிரண்டு பவுன். கூடை தூக்கிச் சம்பாதித்து அதைக் கட்டவே முடியாது, ஆகவே தோட்டத்துக்குத் திரும்பு என்பதுதான் அந்த வரியின் உள்ளர்த்தம்.

இரண்டு வருஷம் கழித்து, 1897இல் வந்தது வியாபாரிகள் லைசென்ஸ் சட்டம். அதைப் படித்தபோது எனக்கு உடம்பு பதறியது. கணக்குப்பிள்ளைக்குத்தான் அதன் விஷம் சட்டென்று புரியும். கடைக்கு லைசென்ஸ் கொடுப்பதும் மறுப்பதும் ஒரே ஒரு அதிகாரியின் இஷ்டம். அந்த அதிகாரியை நியமிப்பது நகரசபை. அவர் மறுத்தால் மேல்முறையீடு எங்கே? அதே நகரசபையில். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் போட்டிக் கடைக்காரர்கள். அதற்கு மேல் நீதிமன்றத்துக்குப் போக வழி கிடையாது. கணக்கு ஆங்கிலத்தில் எழுதியிருக்க வேண்டும், கடை சுகாதாரமாக இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள் வேறு. சட்டத்தில் எங்கும் இந்தியர் என்ற சொல்லே இல்லை. தமிழில் கணக்கு எழுதியவர், தான் படுத்துறங்கும் அறையிலேயே கடை வைத்தவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

சோமநாத் மகராஜ் என்ற வியாபாரிக்கு டர்பனில் லைசென்ஸ் மறுத்தார்கள். அவருக்காக வாதாடிய வக்கீல் காந்தி. காரணமும் சொல்லாமல், ஆவணங்களையும் காட்டாமல் நகரசபை நடந்துகொண்ட முறை தவறு என்று உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. நகரசபை மறுபடி கூடியது. விசாரித்தது. மறுபடியும் மறுத்தது. நீதிமன்றத்தால் முறையைத்தான் கேட்க முடிந்தது, முடிவைத் தொட முடியவில்லை. 1909இல் திருத்தம் வந்த பிறகுதான் ஏற்கெனவே இருக்கும் லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தால் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று ஆனது. அந்தப் பன்னிரண்டு வருஷமும் ஒவ்வொரு ஜனவரியும் ஒரு கடைக்காரனுக்கு எப்படி விடிந்திருக்கும் என்று யோசிக்கிறேன். சரக்கு வாங்கலாமா, கடன் கொடுக்கலாமா, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கலாமா? எதற்கும் விடை கிடையாது, லைசென்ஸ் வரும்வரை.

இதற்கு நம்மவர்கள் காட்டிய எதிர்ப்பைத்தான் நான் எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். அது நடந்தது ஜோகன்னஸ்பர்க் இருந்த பக்கத்துக் காலனியான டிரான்ஸ்வாலில். அங்கே கைரேகை வைத்துப் பதிந்துகொண்டால்தான் கூடை வியாபாரிக்கு லைசென்ஸ் என்று நிலைமை. 1908இல் அவர்கள் ஒரு வேலை செய்தார்கள்: லைசென்ஸ் இல்லாமலே கூடையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனார்கள், பிடித்துக்கொள் என்று. வசதியான வியாபாரிகளும், மசூதி இமாமும்கூடப் பழக்கூடை தூக்கிப் போய்க் கைதானார்கள். காந்தியின் மூத்த மகன் ஹரிலால் பழம் விற்றுத்தான் பிடிபட்டார். மொரீஷியஸில் பிறந்த தமிழர், சாதாரண வியாபாரி, தம்பி நாயுடு திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனார். போராட்டத்தில் கடைசிவரை தளராதவர்கள் தமிழர்கள் என்று காந்தியே பலமுறை சொல்லியிருக்கிறார். எங்கள் ஊர்ப்பக்கத்துத் தில்லையாடி வள்ளியம்மையை எல்லோருக்கும் தெரியும். பதினாறு வயதில், சிறையில் வந்த காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22இல் இறந்துபோனாள். அவள் தகப்பனார் ஜோகன்னஸ்பர்க்கில் சின்ன வியாபாரி என்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. அவள் சிறை சென்ற அந்தப் போராட்டத்தின் முடிவில், 1914இல்தான் மூன்று பவுன் வரி ஒழிந்தது.

நாம் வியாபாரம் செய்ததால் மட்டும் இந்த ஊர்க்காரர்கள் ஆகவில்லை. வியாபாரம் செய்யும் உரிமைக்காகச் சிறைக்குப் போனதால், கொஞ்சம் கொஞ்சமாக, காலூன்ற இடம் கிடைத்ததால் ஆனோம்.

இடம் என்று நான் சொல்வதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் வார்விக் சந்திப்பில் இருக்கும் விடியற்காலைச் சந்தைக்கு வர வேண்டும். 1910இல் தொடங்கிய சந்தை. 1930களில் இப்போதைய இடத்துக்கு வந்தது. நாலரை மணிக்கே விளக்கு எரியும். ரயிலும் பஸ்ஸும் டாக்சியும் ஒன்றாகக் கூடும் இடம் அது. தினம் நான்கு லட்சம் பேருக்கு மேல் கடந்துபோகிறார்கள். நான் கணக்கு எழுதும் அக்கா ஒருவருக்கு அங்கே மேசை. அவருடைய பாட்டி ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து தலையில் கூடையோடு நடந்து வந்தவர், அம்மா அதே மேசையில் நின்றவர். இப்போது எழுபதை நெருங்கும் இவர். மேசையின் ஒரு பக்கம் கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலைக் கட்டு. நடுவில் பச்சைமிளகாய்க் குவியல், பக்கத்தில் சேப்பங்கிழங்கு. ஓரத்தில் வெள்ளிக்கிழமையானால் வாழையிலையும் சாமந்தியும்.

பூஜைக்கு வாங்க வரும் நம்மவர்களைவிட, ஜூலுப் பெண்கள்தான் அவருக்குப் பெரிய வாடிக்கை. ஐந்து மணிக்கு வந்து மிளகாய், தக்காளி, வெங்காயம் மொத்தமாக எடுத்துக்கொண்டு போய், ரயில் நிலையத்தின் வெளியே சின்னச் சின்னக் குவியலாகப் பிரித்து விற்பார்கள். பாதிப் பேர் கையில் காசு இருக்காது. அக்கா ஒரு பள்ளிக்கூட நோட்டில் பெயரை எழுதுவார். சாயங்காலம் ரயில் ஏறுவதற்கு முன்னால் வந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். அக்கா ஜூலு பேசும்போது கை, தலை, குரல் எல்லாமே மாறிவிடும். ஒருநாள் வராமல் போனவர் யார், ஏன் வரவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சலா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த நோட்டு எனக்குக் கணக்கில் பெரிய தலைவலி, அதை எந்தப் படிவத்திலும் ஏற்ற முடியாது. “இதுல எழுதாத கடன் எவ்ளோ இருக்குக்கா?” என்று கேட்டேன். “எழுதாததத்தான் தம்பி ஒழுங்காக் குடுத்துர்றாங்க” என்றார்.

அந்த மேசைக்கும் ஆபத்து வந்தது. 2010 உலகக் கோப்பைக்கு முன்னால், 2009இல், சந்தையை இடித்துவிட்டு அங்கே பெரிய மால் கட்ட மாநகராட்சி திட்டம் போட்டது. இந்திய மேசைக்காரர்களும், சரக்கு வாங்கி வெளியே விற்கும் ஆப்பிரிக்கப் பெண்களும், மூட்டை தூக்கும் தள்ளுவண்டிக்காரர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். போலீஸ் ரப்பர் குண்டு சுட்டது. வழக்கு நடந்தது. திட்டம் கைவிடப்பட்டது. சந்தை தன் நூறாவது வருஷத்தை அதே இடத்தில் பார்த்தது. அந்த எதிர்ப்பில் எல்லோரும் ஒன்றாக நின்றதற்கு அக்காவின் நோட்டு போன்ற நோட்டுகளும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

ஆனால் கடை எப்போதும் மனிதர்களைச் சேர்த்துவைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். 1949 ஜனவரி 13ஆம் தேதி டர்பன் நகரில் ஒரு இந்தியக் கடைக்காரருக்கும் ஒரு ஆப்பிரிக்கச் சிறுவனுக்கும் நடந்த தகராறு பெரும் கலவரமாக மூண்டது. செத்தவர்கள் 142 பேர். அதில் ஆப்பிரிக்கர்கள் 87, இந்தியர்கள் 50. கேட்டோ மேனரில் நம்மவர்களின் கடைகள், வீடுகள், பஸ்கள் எரிந்தன. ஏன் கடைகள்? நகரத்தில் ஆப்பிரிக்கர் கடை வைப்பதற்கு இந்தியரைவிட ஆயிரம் தடை இருந்தது. சோளப்பீர் காய்ச்சி விற்கும் உரிமையைக்கூட மாநகராட்சி தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தது. ஆப்பிரிக்கன் தினமும் பார்த்த முகம், அதைச் செய்த வெள்ளை நகரசபையின் முகம் இல்லை. பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவரும், வாடகை வசூலிப்பவரும், கடையில் எடை போடுபவருமான இந்தியர்தான். ஒருவனுக்கு அரைக் கதவைத் திறந்துவிட்டு அடுத்தவனுக்கு முழுக்கச் சாத்தினால், சாத்தப்பட்டவன் கோபம் அரைக் கதவில் நிற்பவன் மேல்தான் விழும். பிறகு ஒவ்வொரு இனத்தாரும் தனித்தனிப் பகுதியில்தான் வாழ வேண்டும் என்ற குழுப்பகுதிச் சட்டம் வந்து இந்தியர்களையும் கேட்டோ மேனரிலிருந்து பெயர்த்து சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியது. லைசென்ஸ் கையில் இருந்தது. கடை இருந்த இடத்தைத்தான் பிடுங்கிக்கொண்டார்கள்.

இப்போது இன்றைக்கு வருகிறேன். டவுன்ஷிப்புகளில் வீட்டை ஒட்டி, கராஜிலோ தகரக் கொட்டகையிலோ நடக்கும் சின்ன மளிகைக்கடைகளை இங்கே ஸ்பாசா என்பார்கள். நிறவெறிக் காலத்தில் கறுப்பர் கடை வைக்கத் தடைகள் இருந்தபோது வீட்டுக்குள் மறைத்து நடத்தியதில் ஆரம்பித்தது அது. இன்று அவற்றில் பலவற்றைச் சோமாலியர், எத்தியோப்பியர், பங்களாதேஷிகள் நடத்துகிறார்கள். 2008 மே மாதத்தில் வெளிநாட்டவருக்கு எதிராக மூண்ட வன்முறையில் 62 பேர் இறந்தார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு தென்னாப்பிரிக்கர்களே. அதற்கப்புறமும் அது நின்றுவிடவில்லை.

என்னிடம் வரும் பங்களாதேஷ்ப் பையன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். கராஜ் ஒன்றில் கடை. ஒரே ஒரு முட்டை வேண்டுமா, பாதி ரொட்டி வேண்டுமா, ஒரு ஸ்பூன் அளவுக்கு மடித்த காபிப்பொடிப் பொட்டலமா, தருவான். முதியோர் பென்ஷன் வரும் நாள்வரை பாட்டிமாருக்குக் கடன் தருவான். அவனிடமும் ஒரு நோட்டு இருக்கிறது, வங்க எழுத்தில். அவன் ஏன் வேலைக்குப் போகாமல் கடை வைத்தான் என்று கேட்பவர்களுக்கு: அகதி விண்ணப்பத்தாளை வைத்துக்கொண்டு வேலை கேட்டால் பெரும்பாலான முதலாளிகள் அந்தத் தாளைப் பார்த்ததும் கையை விரித்துவிடுவார்கள். முறையாக பிஸினஸ் விசா எடுக்கலாமே என்றால், அதற்கு ஐம்பது லட்சம் ராண்ட் முதலீடு காட்ட வேண்டும். கராஜில் முட்டை விற்பவனிடம் அது எங்கே இருக்கும்? அந்தத் தாளைச் சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒருமுறை புதுப்பிப்பு தாமதமானபோது ஒரு வங்கி அவன் கணக்கை முடக்கிவிட்டது. வாரக்கணக்கில் ரொக்கத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மொத்தக்கடைக்குப் போனான். ரொக்கம் வைத்திருப்பவனை யார் பின்தொடர்வார்கள் என்று இந்த ஊரில் சொல்லத் தேவையில்லை.

கல்யாண மண்டபங்களிலும் கோயில் கூழ் ஊற்றும் இடங்களிலும் நம்மவர்கள் பேசுவது காதில் விழுகிறது. “அவங்க வரி கட்டறதில்ல. ஒரே ரூம்ல பத்துப்பேர் படுத்துக்கறாங்க. கடையிலயே தூங்கறாங்க. விலையக் குறைச்சு மத்தவனக் கெடுக்கறாங்க.” கேட்கும்போது மனசு கனத்துப்போகிறது. 1897இல் நேட்டால் வெள்ளை வியாபாரிகள் நம்மைப் பற்றிச் சொன்னதும் ஏறத்தாழ இதேதான். வரியைப் பற்றி மட்டும் கணக்குப்பிள்ளையாக ஒன்று சொல்கிறேன்: மொத்தக்கடையில் சோப்பு, பிஸ்கட், குளிர்பானம் வாங்கும்போதே பதினைந்து சதவீத வாட் அவன் கட்டிவிடுகிறான். பதிவு பெற்ற பெரிய கடை அதைக் கழித்துக்கொள்ளும். பதிவில்லாத இவனால் கழிக்க முடியாது.

விலை குறைவுக்குக் காரணம், பல கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே வண்டியில் மொத்தமாகச் சரக்கு எடுப்பது. உள்ளூர் ஆப்பிரிக்கக் கடைக்காரர் தனியாக டாக்சி பிடித்துப் போய்ப் பெட்டிப்பெட்டியாக வாங்குகிறார், அவருக்குக் கட்டுப்படியாகாது. அவருடைய ஆதங்கம் நியாயமானது. ஒருகாலத்தில் அவருடைய பெற்றோரைக் கடை வைக்க விடவில்லை, இப்போது கடை வைத்தால் போட்டி. ஆனால் அதற்கு மருந்து கூட்டுக் கொள்முதலும் சிறுகடனும்தான், அடுத்தவன் கடையை உடைப்பது இல்லை. இதை நான் எந்தக் கூட்டத்திலும் சொல்லத் தயார்.

லிம்போபோ மாகாணத்தில் 2012இல் போலீஸ் ஒரு வேட்டை நடத்தி, நூற்றுக்கணக்கான சின்னக் கடைகளை மூடியது, சரக்கையும் பறித்தது. சோமாலியர் சங்கம் வழக்குப் போட்டது. 2014 செப்டம்பரில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தொழில் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் குடிமக்களுக்குத்தான் என்கிறது அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு. ஆனால் வேலையும் கிடைக்காமல், தொழிலும் செய்ய விடாமல் ஒருவரைப் பட்டினியில் தள்ளினால் அது மனித கண்ணியத்தின் மேல் விழும் அடி. ஆகவே அகதிகளும் அகதி விண்ணப்பதாரர்களும் கடை லைசென்ஸ் கேட்கலாம் என்று நீதிபதி நவ்சா எழுதினார். சோமநாத் மகராஜ் காலத்தில் எட்டாமல் போன இடம் இது. இன்று அந்தப் பையன்களுக்கு முறையிட ஒரு மன்றம் இருக்கிறது.

2024 கடைசியில் நிலைமை மறுபடி இறுகியது. ஸ்பாசா கடைத் தின்பண்டங்களோடு தொடர்புபடுத்தப்பட்ட உணவு நச்சினால் பிள்ளைகள் செத்தார்கள். சொவேட்டோவின் நலேடியில் மட்டும் ஆறு குழந்தைகள். டெர்புஃபாஸ் என்ற பூச்சிமருந்துதான் காரணம் என்று கண்டறியப்பட்டது. எலித்தொல்லைக்கு மருந்தில்லாத டவுன்ஷிப்புகளில் அதைத் தெருவில் விற்கிறார்கள். எல்லாக் கடைகளும் 21 நாளில் பதிவு செய்ய வேண்டும் என்று குடியரசுத் தலைவர் நவம்பர் 15இல் அறிவித்தார். கெடு பிறகு 2025 பிப்ரவரி 28 வரை நீண்டது. பதிவு வேண்டியதுதான். பிள்ளைகள் தின்னும் பண்டத்தைச் சோதிக்காமல் விடக்கூடாது. ஆனால் அந்த வாரங்களில் என் அலுவலகத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் தடுக்கி விழுந்தது சுகாதாரத்தில் இல்லை. எலிப்பொறி இருந்தது, கை கழுவத் தண்ணீர் இருந்தது, விலாசத் தாள் மட்டும் இல்லை. கராஜை வாடகைக்கு விட்டவர் எழுத்தில் எதுவும் தரமாட்டார். மாதாமாதம் ரொக்கம் வாங்கிக்கொள்வார், ரசீது கிடையாது. கையெழுத்துப் போட்டால் வரி வருமோ, மாநகராட்சி கேட்குமோ என்று பயம்.

அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அதனால்தான் இதைப் படிக்கும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் வீட்டுக்காரர்களிடம் நேராகவே கேட்கிறேன். உங்கள் கராஜிலோ முன்னறையிலோ யாராவது கடை வைத்திருந்தால், ஒரு பக்கத்துக்கு வாடகை ஒப்பந்தம் எழுதிக் கொடுங்கள்: உங்கள் பெயர், அவர் பெயர், விலாசம், மாத வாடகை, எத்தனை மாதத்துக்கு, இரண்டு சாட்சி. வாடகை வருமானத்தை உங்கள் வரிக் கணக்கில் காட்டுங்கள். ரிப்பேர்ச் செலவு, வீட்டுவரியில் அந்தப் பகுதிக்கு உரிய பங்கு எல்லாம் கழித்த பிறகு பெரும்பாலானவர்களுக்குக் கட்ட வேண்டியது நீங்கள் பயப்படும் அளவுக்கு இருக்காது. கணக்குப் போட்டுப் பார்க்கத் தெரியாவிட்டால் என்னிடம் கொண்டுவாருங்கள், காசு வேண்டாம். ஒப்பந்தத் தாளின் மாதிரி ஒன்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் தயாரித்து வைத்திருக்கிறேன். ஜூலுப் பகுதியைத் திருத்திக் கொடுத்தவர் சந்தையில் அக்காவிடம் மிளகாய் வாங்கும் ஒரு பெண்மணி.